சௌரிராஜனின் வலது காலும் பச்சைமலைத் தேனும்

போன மாதம், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் லேபிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி கைப்பையைத் திறந்து, பற்பசை போலப் பிதுக்கி எடுக்கிற டியூப் ஒன்றை மேசைமேல் வைத்தாள். உள்ளே தேன். புண்ணுக்குப் போடுவதற்கென்றே வெளிநாட்டில் அடைத்து விற்கிறார்களாம். ஆறாத புண்ணுக்கு இப்போது டாக்டர்கள் இதை எழுதிக் கொடுக்கிறார்கள் என்றாள்.

"மேடம், நீங்க அந்தக் காலத்துலயே தேனை டெஸ்ட் பண்ணியிருக்கீங்க. பழைய ரிஜிஸ்டர்ல பார்த்தோம்."

"பண்ணியிருக்கேன்."

"ஒரு பக்கத்துல 'தேன், எட்டில் ஒன்று, வளர்ச்சி இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. சில வாரம் கழிச்சு இன்னொரு பக்கத்துல 'தேன், நாலில் ஒன்று, வளர்ச்சி உண்டு'ன்னு இருக்கு. எட்டுல ஒண்ணே கொல்லுதுன்னா நாலுல ஒண்ணு எப்படிக் கொல்லாம இருக்கும்? எது சரி?"

"ரெண்டும் சரிதான்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதானவர்களிடம் பேசும்போது அப்படிப் பார்த்துக்கொள்வது வழக்கம். நானும் அந்த வயதில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் நீளும், எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பிறகு உட்கார்ந்தேன். எழுதினாலும் நீளத்தான் செய்கிறது.

எனக்கு ஊர் மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விவசாயத்தோடு சந்தையில் மாட்டுத் தரகும் பார்த்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடம், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி லேபுக்குப் பெண் ஆள் வேண்டும் என்று யாரோ சொல்ல, என்னைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் அருளப்பன் முன்னால் நிறுத்தினார். டாக்டரை அப்பா மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் மாட்டைச் சுற்றி வந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை. வெளியே வந்ததும், "சாது. உதைக்க மாட்டார். சேர்ந்துக்க" என்றார். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. தென்னூரில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் ஆறு மாதம் கண்ணாடிச் சாமான் கழுவினேன். அடுத்த ஆறு மாதம், கழுவியதைத் திரும்பக் கழுவினேன். அதற்குப் பிறகு கிருமிக்குச் சாப்பாடு தயாரிக்கக் கற்றுக்கொண்டேன். இறைச்சிச் சாற்றை வடிகட்டி உப்புப் போட்டால் ஒரு சூப். அதே சூப்பில் கடல்பாசியைக் கரைத்து, வட்டக் கண்ணாடித் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் அல்வா மாதிரி உறையும். புண்ணிலிருந்து எடுத்த சீழை அதன்மேல் கோடு கோடாக இழுத்து, உடம்புச் சூடு இருக்கிற பெட்டிக்குள் ஒரு நாள் வைத்தால், கிருமி புள்ளி புள்ளியாக முளைக்கும். எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரிய, மருந்தில் நனைத்த சின்னக் காகித வட்டங்களைத் தட்டின்மேல் வைப்போம். மருந்து பலித்தால் காகிதத்தைச் சுற்றி வெறும் வளையம் இருக்கும். பலிக்காவிட்டால் கிருமி காகிதத்தை ஒட்டியே நிற்கும். இவ்வளவுதான் என் தொழில். முப்பத்து மூன்று வருடம் இதைச் செய்தேன்.

டாக்டர் அருளப்பன் அறுவை சிகிச்சை டாக்டர். ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் பெரியவர். ரிப்போர்ட் தன்னைத் தேடி வரட்டும் என்று காத்திருக்க மாட்டார். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு லேபுக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எல்லோரையும் முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்; எல்லோருக்கும் 'நீங்க' தான். ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருந்த நாயிடமே "கொஞ்சம் எழுந்திருங்க" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். என்னிடம் அவர் பேசியதை எல்லாம் கூட்டினால் மூன்று வாக்கியம் தேறும். "பார்த்தீங்களா?" "எழுதினீங்களா?" "மறுபடி பண்ணுங்க."

சூடு விஷயத்தில் நான் இரண்டு முறை தவறினேன். முதல் முறை, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். சீழைத் தொட்டு எடுக்க ஒரு கம்பி வளையம் உண்டு. அதை நெருப்பில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, பிறகு தொட வேண்டும். பொன்மலைப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் கைப் புண்ணிலிருந்து சீழ் வந்திருந்தது. அன்று எனக்கு ஏதோ அவசரம், ஆறவிடாமல் தொட்டேன். 'சொய்' என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு ஒரு செய்தி சொல்கிறது என்று அப்போது தோன்றவில்லை. மறுநாள் தட்டில் ஒன்றும் முளைக்காததால், 'கிருமி இல்லை' என்று எழுதி அனுப்பினேன். டாக்டர் ஒரு கையில் என் ரிப்போர்ட்டும் இன்னொரு கையில் சீழ் ஊறிய பஞ்சுமாக வந்து நின்றார்.

"தனலட்சுமி, கிருமி இல்லைன்னு இதுக்குத் தெரியலை. மறுபடி பண்ணுங்க."

பண்ணினேன். கம்பியைச் சிவக்கக் காட்டியதும் பக்கத்தில் நின்று ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாக எண்ணினார். சூட்டைப் பற்றி நான் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று அன்று நினைத்தேன்.

இனி சௌரிராஜன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசி. ஸ்ரீரங்கத்திலிருந்து குதிரை வண்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டி அவரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, நெற்றியில் நாமம். கல்யாணங்களுக்குத் தளிகை பண்ணுகிறவர். அவர்கள் வழக்கில் சமையலுக்குத் தளிகை என்று பேர். வலது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வெந்திருந்தது. வெந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளும் மூன்று வீட்டார் சொன்ன மூன்று மருந்துகளை அவர் மனைவி கோமளம் மாமி போட்டிருக்கிறார். சீழ் எடுக்க நான் வார்டுக்குப் போனபோது டாக்டர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கொட்டினது?"

"சாத்தமுது."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரசம், சார்" என்றேன்.

"கொதிச்சுக்கிட்டிருந்ததா?"

"சாத்தமுதை யாராவது கொதிக்க விடுவாளா?" வலியிலும் அவருக்கு ஒரு கௌரவக் குறைச்சல் ஏற்பட்டது தெரிந்தது. "நுரை கட்டி மேல வந்துது. எறக்கறச்சே அண்டா சாஞ்சுடுத்து. கொதிக்க விட்டா வாசனையெல்லாம் போயிடுமே."

'ரசம், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே' என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

சீழில் இருந்தது தங்க நிறமாக முளைக்கிற கிருமி. பார்க்க அழகாக இருக்கும். பென்சிலின் காகிதத்தை நடுவில் வைத்தேன். மறுநாள் பார்த்தால், பந்தியில் இலையை ஒட்டி உட்கார்ந்தவர்கள் மாதிரி கிருமி காகிதத்தை நெருங்கி உட்கார்ந்திருந்தது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் அதே மரியாதை. ஆனாலும் ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வேறு என்ன செய்வது? பத்து நாளில் கால் இன்னும் மோசமானது. அந்த வார்டுக்குள் நுழைகிறவர்கள் கதவருகே ஒரு விநாடி நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

டாக்டர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல மாட்டார். "எலும்புக்குப் போச்சுன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும், சௌரிராஜன்."

"எடுத்தா?"

"உயிர் இருக்கும்."

"ஒரு கல்யாணத்துக்கு அஞ்சு கோட்டை அடுப்பு, டாக்டர். விடிகாலைலேருந்து நிக்கணும். ஒத்தைக் கால்ல நின்னு எனக்குப் பழக்கமில்லை."

கோமளம் மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சௌரிராஜன் கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கெட்டுப்போறதுதானே இதுவும்? எங்க வேலையில கெடாம இருக்கறதுக்கு மூணு வழி. உப்புல போடுவோம், பாகுல போடுவோம், இல்லேன்னா தேன்ல போடுவோம். உப்பு எரியும். மீதி ரெண்டு இருக்கே?"

டாக்டர் கேஸ் ஷீட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு மணிக்கு லேபுக்கு வந்தார்.

"தனலட்சுமி, தேன் வைச்சுப் பாருங்க. பாகும் வைங்க."

தேன், பச்சைமலையிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை டின்னோடு வருகிற சின்னையன் என்பவரிடம் வாங்கியது. பாகின் பதம் தேனுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்குப் பதம் தெரியாது. வார்டுக்குப் போய் நோயாளியிடமே கேட்டு வந்தேன்.

ஐந்து டெஸ்ட் டியூப்கள். முதலாவதில் பாதி தேன், பாதி சூப். அடுத்ததில் நாலில் ஒரு பங்கு தேன். அடுத்தது எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று. பாகுக்கும் அப்படியே ஐந்து. எல்லாவற்றிலும் சௌரிராஜனின் கிருமி ஒவ்வொரு சொட்டு. ஒரு நாள் கழித்து எடுத்து, டியூபுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்ப்பேன். எழுத்து படிக்க முடிந்தால் கிருமி வளரவில்லை. கலங்கி எழுத்து மறைந்தால் வளர்ந்திருக்கிறது.

பாகில் முதல் டியூப் மட்டும் தெளிவு. நாலில் ஒன்றிலேயே கலங்கிவிட்டது. தேனில் எட்டில் ஒன்று வரைக்கும் செய்தி படிக்க முடிந்தது.

"இனிப்புதான் காரணம்னா ரெண்டும் ஒண்ணா கலங்கியிருக்கணும்" என்றார் டாக்டர். "புண்ணுல நீர் வடியும். எதைப் போட்டாலும் அது தண்ணியாத்தான் போகும். தண்ணியானப்புறமும் நிக்கிறதுதான் நமக்கு வேணும். மறுபடி பண்ணுங்க."

மூன்று முறை பண்ணினேன். மூன்று முறையும் அதே. நான்காம் நாள் சௌரிராஜன் காலுக்குத் தேன் போட்டார்கள்.

மேரி சிஸ்டர்தான் கட்டுப் போடுவார். புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, தேனில் ஊறிய வலைத்துணியைப் பரப்பி, மேலே பஞ்சு வைத்துக் கட்டுவது. காலையும் மாலையும் மாற்ற வேண்டும். முதல் பிரச்சினை எறும்பு. கட்டிலின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர் நிரப்பிய தகர டப்பா வைத்தோம். போர்வை தரையில் தொங்கினால் அதன் வழியாக ஏறும் என்பதால், போர்வையைச் சுருட்டிவைக்கக் கோமளம் மாமி பொறுப்பேற்றார். பார்க்க வருகிறவர்கள் கட்டிலைத் தொட்டு நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டார். ஒரு சம்பந்தியை அதட்டியே விட்டார்.

மூன்றாம் நாள் நாற்றம் குறைந்தது. முதலில் அதைச் சொன்னவர் பக்கத்துக் கட்டில்காரர். ஒரு வாரத்தில் அழுகல் தோல் துணியோடு உரிந்து வர ஆரம்பித்தது. பத்தாம் நாள் அடியில் சிவப்பாகப் புதுச் சதை. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "சரி" என்றார். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் பாராட்டு விழா.

அதற்குள் முதல் டின் தீர்ந்து, சின்னையன் இரண்டாவது டின் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தேனைப் புட்டிகளில் ஊற்றி வார்டுக்கு அனுப்புவது என் வேலை. இந்த டின்னில் மெழுகுத் துணுக்கு மிதந்தது. ஒரு தேனீயின் இறக்கையும் கால்களும் கிடந்தன. நான் ஏழு வருடமாகக் கழுவிக் கழுவியே வளர்ந்தவள். வார்டுக்குள் போகிற பஞ்சு, துணி, கத்தி எல்லாம் ஆவியில் வெந்துதான் போகும். இதை மட்டும் எப்படி இப்படியே அனுப்புவது? கிருமியைக் கொல்லப் போகிற சாமானில் கிருமி இருக்கலாமா?

புட்டிகளில் ஊற்றி, கொதிக்கிற தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தேன். தேன் இளகி, மெழுகு மேலே வந்தது. வடிகட்டினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. நாலு புட்டியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சுத்தம் செய்வதை யாராவது போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

நாலு நாளில் நாற்றம் திரும்ப வந்தது. ஆறாம் நாள் காய்ச்சல். புதுச் சதையின்மேல் மஞ்சளாகப் படலம். நான் சீழ் எடுத்து வைத்தேன். அதே தங்க நிறம், முன்பைவிட அடர்த்தியாக. தொடைப் பக்கமாகச் சிவப்பு ஏறுகிறது என்று சனிக்கிழமை கண்டுபிடித்தார்கள். வியாழக்கிழமை விடிந்ததும் காலை எடுத்துவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார். மாமி போர்வையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். எறும்பு வருவது நின்றிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான் சீழ் எடுக்கப் போனபோது மேரி சிஸ்டர் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். சௌரிராஜன் கையை நீட்டினார்.

"சிஸ்டர், ஒரு சொட்டு இதுல விடுங்கோ."

உள்ளங்கையில் விட்டார். முதலில் மோந்து பார்த்தார். பிறகு நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

"எங்கேருந்து வந்தது?"

"அதே ஆள்தான் சாமி. பச்சைமலைத் தேன்" என்றார் சிஸ்டர்.

"தேன் அதேதான். ஆனா யாரோ காய்ச்சியிருக்கா. பூ வாசனையே இல்லையே."

"காய்ச்சினா நல்லதுதானே? சுத்தமா இருக்கும்."

"சுத்தமாத்தான் இருக்கு" என்றார் அவர்.

நான் பஞ்சுக் குச்சியைக் குழாயில் போட்டு மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்போதே டாக்டரிடம் போயிருக்கலாம். டெஸ்ட் பண்ணாமல் எதையும் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லேபில் அது விதி. பயந்தவர்களுக்கும் விதி உதவும் என்று அன்று தெரிந்தது. எனக்கு மாட்டுச் சந்தையும் அப்பாவும் நினைவுக்கு வந்தார்கள். வேலை போனால் திரும்பிப் போக வேண்டிய இடம் அது. பிறகு அந்த ஐந்து அடுப்பும் நினைவுக்கு வந்தது. ஆனால் எது முதலில் வந்தது என்று கேட்டால், மாட்டுச் சந்தைதான்.

முதல் டின்னில் ஒரு சின்னப் புட்டி மட்டும் லேபில் மிச்சம் வைத்திருந்தேன். நாலு வரிசை வைத்தேன். முதல் வரிசை அந்தப் பழைய தேன், அப்படியே. இரண்டாவது, அதே தேனில் கொஞ்சம் எடுத்து அரை மணி நேரம் கொதிநீரில் வைத்தது. மூன்றாவது, வார்டில் போட்டுக்கொண்டிருந்தது. நான்காவது பாகு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்தேன். பழைய தேன் எட்டில் ஒன்று வரைக்கும் தெளிவு. மற்ற மூன்று வரிசையும் நாலில் ஒன்றிலேயே கலங்கல். கொதிநீரில் வைத்த தேனுக்கும் சர்க்கரைப் பாகுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பத்து நாளாக அந்தக் காலுக்கு நான் பாகு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"சார், வார்டுத் தேனை நான் கொதிநீர்ல வைச்சுட்டேன்."

"எப்போ?"

"ரெண்டாவது டின் வந்த அன்னைக்கு. நாலு புட்டியும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை சார். நானாத்தான்."

அவர் நாலு வரிசையையும் ஒவ்வொன்றாக எடுத்து, செய்தித்தாளைத் தானே பிடித்துப் பார்த்தார். இருபது டியூப். அவ்வளவு நேரமும் நான் நின்றேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"காய்ச்சாதது எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"ரெண்டு கட்டுக்கு வரும் சார்."

"அதை மேரி சிஸ்டர்கிட்ட இப்பவே குடுங்க. சின்னையன் எப்போ வருவார்?"

"இன்னும் ரெண்டு வாரம் ஆகும்."

"அப்போ நீங்க போங்க." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "இந்த வியாழக்கிழமை இல்லை. அடுத்த வியாழக்கிழமை பார்ப்போம். நீங்க சொன்னதைக் கேஸ் ஷீட்டுல எழுதுங்க. உங்க கையாலயே."

எழுதினேன். நாலு வரி. அடியில் அவர் ஓர் எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். நோயாளியிடம், "தேனை மாத்தறோம், ஒரு வாரம் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். நான் அதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை துறையூர் பஸ்ஸில் ஏறினேன். கோமளம் மாமி கூட வந்தார். "எனக்குத் தேன் தெரியும், நான் வரேன்" என்று பிடிவாதம். வழியெல்லாம் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. வெளியில் எதுவும் சாப்பிடாத ஆசாரம். துறையூரில் இறங்கி, விசாரித்து, இன்னொரு பஸ் பிடித்து, மலையடிவாரத்தில் சின்னையன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. நல்ல வேளை, ஆள் இருந்தார். இரண்டு நாள் முன்னால் எடுத்த தேன் இருந்தது. மாமி ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"காய்ச்சலையே?"

"தேனை எவங்க காய்ச்சுவான்?" என்றார் சின்னையன். "கிறுக்குப் புடிச்சவன்தான் காய்ச்சுவான்."

"ஆஸ்பத்திரியில யாரோ காய்ச்சியிருக்கா. அதான் ஆத்துக்காரர் கால் இப்படி ஆயிடுத்து."

"படிச்சவங்களா இருக்கும்" என்றார் சின்னையன்.

நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை நன்றாக இருந்தது.

டின்னை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். குலுங்கும்போதெல்லாம் மாமி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். என் கைமேல் அவர் கை பட்டது, எடுக்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் இரண்டு முறை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் அவர், "பாவம், உனக்கும்தான் எவ்வளவு அலைச்சல்" என்றார். மூடிக்கொண்டேன்.

அந்த டின்னில் மெழுகு இருந்தது, இறக்கை இருந்தது. துணியில் மட்டும் வடிகட்டி அப்படியே அனுப்பினேன். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தொடைப் பக்கச் சிவப்பு பின்வாங்கியது. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டரில் வேறு யாருக்கோ குடலிறக்கம் தைத்தார்கள். அதற்குப் பிறகு ஏழு வாரம். கடைசியில் தொடையிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்துக் கணுக்காலுக்கு மேல் ஒட்டினார்கள். ஆவணியில் சௌரிராஜன் இரண்டு காலோடு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, வாசலில் குதிரை வண்டி ஏறினார்.

காரணம் எங்களுக்கு அன்று தெரியாது. பல வருடம் கழித்துத்தான் படித்தேன். பூவின் சாற்றைத் தேனாக்கும்போது தேனீ தன் வாயிலிருந்து ஒரு நொதியைச் சேர்க்கிறது. தேன் கெட்டியாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும். புண் கழுவ அலமாரியில் புட்டியில் வைத்திருந்தோமே, அதே பெராக்ஸைடுதான். சூடுபட்டால் நொதி செத்துவிடும். வெறும் இனிப்புதான் மிஞ்சும். எல்லாத் தேனும் ஒன்றில்லை, எல்லாப் புண்ணும் இதற்கு ஆறாது என்றும் சொல்ல வேண்டும். டாக்டர் அருளப்பன் அதற்குப் பிறகு சிலருக்குத் தேன் போட்டார். சிலருக்கு ஆறியது, இரண்டு பேருக்கு ஆறவில்லை. இரண்டையும் எழுதி வைத்தோம்.

சௌரிராஜனிடம் சொல்லாதது என்னோடேயே இருந்தது. டாக்டரிடம் சொல்லியாயிற்று, கேஸ் ஷீட்டில் எழுதியாயிற்று. ஆனால் கால் டாக்டருடையது அல்ல. தை மாதம், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தளிகை அவர்தான் என்று மேரி சிஸ்டர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். உத்திர வீதியில் ஒரு வீட்டின் கொல்லையில் ஐந்து அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். வலது காலில் தழும்பு பளபளவென்று தெரிந்தது. கம்பு இல்லை. என்னைப் பார்த்ததும் கரண்டியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"சாமி, ஒண்ணு சொல்லணும். அந்தத் தேனைக் காய்ச்சினது நான்தான்."

"தெரியும்" என்றார்.

"டாக்டர் சொன்னாரா?"

"அவர் எங்க சொல்றார்? யாரோ காய்ச்சியிருக்கான்னு நான் சொன்னதும் உங்க கை அப்படியே நின்னுடுத்து. அப்பவே தெரிஞ்சுடுத்து."

"அப்போ ஏன் சாமி டாக்டர்கிட்ட நீங்க சொல்லலை? வியாழக்கிழமை காலை எடுக்கறதா இருந்துதே."

"நான் சொன்னா அது சமையல்காரன் பேச்சு. நீங்க சொன்னா லேப் ரிப்போர்ட். அதான் உங்களுக்கு டைம் குடுத்தேன்." அடுப்புப் பக்கம் திரும்பி ஏதோ ஒரு பாத்திரத்தை இறக்கச் சொல்லி சைகை காட்டிவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். "ரொம்ப நாள் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்குள்ள நீங்க சொல்லலேன்னா நானே கத்தியிருப்பேன். கால் என்னோடதாச்சே!"

நான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொன்னேன். முப்பத்து மூன்று வருட வேலையில், கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக நான் முடித்துக் கொடுத்த வேலை அது ஒன்றுதான்.